சோனாரில் மீன் பார்த்த விவரம்

நெட்டுக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

என் தம்பி சுண்டெலிக்கு,

அக்கா கெங்கம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் போட்டை ஓட்டும் பக்தவச்சலம் மாமாவும், வலை விடும் தீபனும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது என்று கேட்பதுதான் முறை. நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரியும், ஆனாலும் முறையை விடக் கூடாது என்று கேட்டுவிட்டேன். விஷயம் என்னவென்றால், உன் போட்டை விற்கப் போகிறேன். கோபப்படாமல் மேலே படி.

டோல்கேட் பக்கத்தில் கன்டெய்னர் லாரி உன் பைக்கை இடித்த நாளிலிருந்து போட்டு காசிமேட்டில் கட்டின கயிற்றோடு நிற்கிறது. கடலுக்கு அடியில் இருப்பதையெல்லாம் பார்த்துச் சொன்ன பிள்ளைக்குப் பக்கத்தில் வந்த லாரி எப்படித் தெரியாமல் போனது என்று நான் கேட்காத ஆள் இல்லை, அதை விடு. போட்டை ஓட்ட மாமாவுக்குத் தெரியும், வலை விடத் தீபனுக்குத் தெரியும், மீன் இருக்கிற இடத்தைக் காட்டும் என்று நீ ஆசையாக வாங்கி மாட்டின சோனார் மெஷினைப் பார்க்க மட்டும் உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. மீன் எங்கே என்று தெரியாமல் டீசலை எரிக்க முடியாது என்று மாமா உட்கார்ந்துவிட்டார். ராயபுரம் அமீருதீன் பாய் வந்தார். "சும்மா நிக்கவெச்சா மரம் உளுத்துப்பூடும்மா, எனக்குக் குடுத்துடு" என்றார். நல்ல மனுஷன், சரி என்றேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால்கூட சோனார் திரையில் தெரியும் அந்த வட்டத்தைப் போனில் படம் பிடித்து வந்து காட்டிக் காட்டி என் உயிரை வாங்குவாயே, அதில் அப்படி என்னதான் தெரிகிறது என்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. நானே கடலுக்குப் போகிறேன், மீன் கிடைத்தால் போட்டு எனக்கு, கிடைக்காவிட்டால் விலைக்கு உங்களுக்கு என்று பாயிடம் பந்தயம் கட்டினேன். பாய் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

மாமாதான் குதித்தார். "நம்ம குப்பத்துல எந்தப் பொம்பளையாச்சும் போட்டுல ஏறிக்கீறாளா? கடலம்மா கோச்சுக்கும்."

"கடலம்மா இன்னா ஆம்பளையா? ஒரு பொம்பள வூட்டுக்கு இன்னொரு பொம்பள போனா இன்னா கோவம்?"

"நீ வாந்தி எடுப்பே."

"எடுத்தா என் வாயாலதான எடுக்கப்போறேன்? உனக்கு இன்னா நோவுது?"

ஏறினேன். நீ செய்வது மாதிரியே கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்டியரிங்கிலிருந்து இன்ஜின் வரை ஒன்று விடாமல் என் கையாலேயே பொட்டு வைத்தேன். காசிமேட்டு முகத்துவாரம் தாண்டுவதற்குள் மாமா சொன்ன வாந்தியும் ஆயிற்று. எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தில் மெஷினைப் போட்டோம். போட்டின் வயிற்றிலிருந்து குழாய் இறங்கும், அது சத்தம் அனுப்பும், சத்தம் மீன் மேல் பட்டுத் திரும்பி வந்து திரையில் நிறமாக விழும், நீலமென்றால் பரவலான கூட்டம், சிவப்பென்றால் நெருக்கமான கூட்டம், நடுப்புள்ளி நாம் என்று நீ சொன்னதெல்லாம், மீன் ஆய்ந்துகொண்டே நான் 'உம்' கொட்டினதெல்லாம், எனக்கே தெரியாமல் உள்ளே தங்கியிருக்கிறது. திரையைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் வலப்பக்கம் சிவப்பு! கெட்டிச் சிவப்பு!

"மாமா, ரைட்டுல மீனு கீது, திருப்பு!" என்று கத்தினேன். திருப்பினார். மீன் இப்போதும் வலப்பக்கமே இருந்தது. மறுபடி திருப்பினார். அப்போதும் அதே இடம், அதே சிவப்பு. வேகமாகப் போனாலும் கூடவே வந்தது, நின்றால் நின்றது. மாமா வந்து எட்டிப் பார்த்து மிரண்டுபோனார். "இன்னாமா இது, நம்ம மீன தொரத்துறமா, மீனு நம்மள தொரத்துதா?" ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்ததில் கப்பல் மேலிருந்து ஒருத்தன் எங்களை வேடிக்கை பார்த்துக் கையாட்டினான். வலையை விட்டோம். தொட்டால் அரிக்கும் சொறி மீனும் ஒற்றைச் செருப்பும் வந்தது. அப்போது ஒரு அலை மேலே அடித்துத் தெறித்ததா, மெஷின் மேலேயும் தண்ணீர் பட்டது. என் மீன் கூட்டம் கரைந்து, திரையில் கோடாக வழிந்து, மடியில் சொட்டியது.

"அக்கா, மீனு ஒழுவுது!" என்று தீபன் விழுந்து விழுந்து சிரித்தான். பூஜையில் திரை மேலேயும் நான் வைத்த குங்குமப் பொட்டுதான். கட்டை விரலால் அழுத்தி, மனசார வைத்திருக்கிறேன்.

முந்தானையால் திரையைத் துடைத்தேன். அப்புறம் நடந்ததைச் சிரிக்காமல் கேள். வட்டத்தின் ஓரத்தில் நீலமாக ஏதோ கசங்கியது. மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று. மாமா திருப்பாமலே அது திரும்பியது. நீண்டது, சுருண்டது, மூச்சு விடுகிற மாதிரி பெருத்து இளைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே வெறும் தண்ணீர், தூரத்தில் பவர் ஹவுஸ் புகைபோக்கி, வேறொன்றும் இல்லை. கீழே அவ்வளவு உயிரும் ஒரே உயிராகப் போகிறது. இத்தனை வருஷம் மீன் விற்றிருக்கிறேன், கூடையில் கண்ணைத் திறந்தபடி செத்துக் கிடப்பதைத்தான் மீன் என்று நினைத்திருக்கிறேன். அது நேராக எங்களிடம் வந்தது. போட்டுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாக எங்களைக் கடந்து, பின்னால் போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது, வலை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னபோது கூட்டம் போய்விட்டிருந்தது.

"கூவியிருக்கக் கூடாதா நீ?" என்றார் மாமா.

"உனக்கும் வாய் கீதில்ல? நீ கூவறது!"

வலையில் பின்தங்கின காணாங்கெளுத்தி கொஞ்சம் வந்தது. மூன்று வீட்டுக் குழம்புக்கு ஆயிற்று. இதை மீன் பிடித்ததாகச் சொல்ல எனக்கே வெட்கம். பந்தயம் தோற்றது தோற்றதுதான். காலையில் பாய் வருகிறார், போட்டைக் கொடுத்துவிடுவேன். நீ பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன், எனக்கு அது போதும். அங்கே எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா,
கெங்கம்மா

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பாய் வந்தார். மெஷின் எப்படி வேலை செய்யும், காட்டும்மா என்றார். காட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை, அவர் கையில் இருந்த டீ ஆறிப்போனது. "நீ போட்ட விக்க வந்தியா, எனக்குக் கத சொல்ல வந்தியா?" என்றார். கதை சொல்லத்தான் பாய் என்று என் வாயில் வந்துவிட்டது. ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அப்ப நீயே வெச்சிக்கோ. கொளம்பு வெச்சீங்கல்ல, அது மீனு இல்லாம இன்னா? நீதான் ஜெயிச்சே" என்று எழுந்து போய்விட்டார். திரும்பினால், பொம்பளை ஏறக் கூடாது என்று குதித்த மாமா, "ஐஸ் ஏத்திட்டேன், எதனா துன்னுட்டு வா, வெறும் வயித்தோட வந்தா மறுபடியும் வாந்திதான்" என்கிறார். இதோ கிளம்புகிறேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து வட்டத்தின் ஓரம் வரை போனது. ஓரத்தைத் தாண்டியதும் காணவில்லை. கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தேன், திரை கருப்பாகவே இருந்தது. வட்டத்தைத் தாண்டிப் போனதைத் திரும்ப உள்ளே கொண்டுவர எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், சுண்டெலி?