மூத்த மாப்பிள்ளை முன்குதிரை கவர்ந்த படலம்

வாழ்க அவன்! ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, உறைபனி கட்டாதது எனப் பல்வகைக் குளிர்பெட்டிகளின் நடுவே கழுத்தில் டை கட்டி உலவுபவனும், "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்" என்று நழுவும் வாடிக்கையாளரை வாசல் தாண்டுமுன் மறித்துச் சிறைப்பிடிப்பவனும், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரியின் மூத்த மகளைக் கைப்பிடித்தவனுமாகிய நம் நாயகன் வாழ்க! அவன் தொந்தி வாழ்க! அத்தொந்தியைத் தாங்கிய சேணம் வாழ்க! அச்சேணத்தைத் தாங்கிய குதிரை எப்படியோ வாழ்ந்துகொள்ளட்டும்! சொல்லின் தெய்வமே, வெயிலும் வியர்வையும் அட்டைகளும் மலிந்த அந்த ஒருநாள் சுற்றுலாவை நான் பாடும்போது என் நாவில் வந்து அமர்ந்தருள்வாயாக. ஏற்கெனவே அங்கே வெற்றிலைச் சாறு இருக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்கார்.

மண்ணுக்கும் பொன்னுக்கும் மூண்ட போர்களை உலகம் அறியும். இந்தப் போர் ஓர் அழைப்புக்காக மூண்டது. பல்லாண்டுகளாக அந்த வீட்டுக் கூடத்தில் "மாப்பிள்ளை!" என்ற முழக்கம் எழுந்தால், எழுந்து நிற்க ஒருவனே இருந்தான். ஓடும் ரயில்களைக் கொடியால் அடக்கிய மாமனார், கூடத்தில் கொடியில்லாமல் குரலாலேயே அதைச் செய்தார். எரிவாயு உருளை மாற்றுவதாயினும், மின்விசிறியின் முனகலுக்குக் காரணம் காண்பதாயினும் அது நம் நாயகனின் தனியுரிமை. பின்னர் இளையவளுக்குத் திருமணமாயிற்று. வந்தவன் பல் மருத்துவன். வேர்ச்சிகிச்சை வேந்தன், கடைவாய்ப் பற்களின் காலன், "லேசா வலிக்கும்" என்பதைக்கூடப் புன்னகையோடு சொல்லும் வன்னெஞ்சன்.

அதன் பிறகு "மாப்பிள்ளை!" என்றால் இருவர் எழுந்தனர், ஒருநாள் வாசலில் தோளும் தோளும் மோதிக்கொண்டன. ஒரே தண்டவாளத்தில் இரு வண்டிகளைக் கனவிலும் விடாத மாமனார் உடனே ஒழுங்கு செய்தார். புதியவன் 'மாப்பிள்ளை'. பழையவன் 'பெரிய மாப்பிள்ளை'. உறவினர் எல்லாரும் அதை மரியாதை என்றார்கள். நம் நாயகனா அதை நம்புவான்? புது மாடல் கடையில் இறங்கிய அன்றே பழைய பெட்டியின் நெற்றியில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டிப் பழகிய கை அவனுடையது. தன் நெற்றியில் ஒட்டப்பட்டது எந்தச் சீட்டு என்று அவனுக்குத் தெரியாதா? அடைமொழியற்ற அந்தப் பட்டத்தை மீட்டே தீருவேன் என்று குளியலறைக் கண்ணாடி முன் சூளுரைத்தான். சூளுரைத்த பின் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் குடும்பத்தோடு குதிரையேறிக் காட்டைக் கடந்து அருவியில் நீராடித் திரும்பும் இந்தப் பயணம் வாய்த்தது.

தகரக் கூரையின் கீழ் ஆறு குதிரைகள் நின்றன. முழங்கால் வரை ரப்பர் பூட்சும் கழுத்தில் விசிலுமாக அவற்றின் தலைவி, குதிரைக்கார அம்மாள், சேண வார்களை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி போறது மேனேஜர். கடைசியா வர்றது பாப்பா. யாரு எதுல ஏறுறீங்க?"

மேனேஜர் என்பது குதிரையின் பெயர். பாலாடை நிறம், விறைத்த காதுகள், எவரையும் நிமிர்ந்து பார்க்கவைக்கும் உயரம். பாப்பாவோ பெயரால் மட்டும் பாப்பா. பேரன் பேத்தி கண்ட பெரியவள்; பீப்பாயை நான்கு கால்களில் நிறுத்தியது போன்ற உடல்வாகு; ஒரு கண்ணால் உறங்கி மறு கண்ணால் புல்லைத் தேடும் யோகினி. தானும் கடையில் ஒரு மேனேஜராகிய நம் நாயகன் தன் இனத்தைக் கண்டுகொண்டு ஓரடி முன்வைத்தான். அந்த அடி தரையைத் தொடுமுன் மாமனாரின் கை உயர்ந்தது.

"மாப்பிள்ளை முன்னாடி போகட்டும். பெரிய மாப்பிள்ளை கடைசில வந்து எல்லாரையும் பாத்துக்கட்டும். ரயிலோட கார்டு பெட்டி மாதிரி."

இடி விழுந்த ஆலமரம்போல நின்றான் நம் நாயகன். பிறகு, இருவர் பின்னாலிருந்து தள்ள, பாப்பாவின் மேல் ஏறினான்.

படை புறப்பட்டது. முதலில் மேனேஜர் மீது பல் மருத்துவன். அவனை அடுத்து மாமனார். பின்னர் கொழுந்தியாள், மனைவி, விரித்த குடையும் மடியில் கைப்பையுமாக மாமியார். அனைவருக்கும் பின்னால், காவியத் தலைவன். ஈரம் சொட்டும் பெரணிகளும், ஆளுயர இலைகளும், ஆவி பறக்கும் சேறும் நிறைந்த அக்காட்டில் முன்னே சென்றவர்கள் மலையைக் கண்டார்கள், பறவையைக் கண்டார்கள், பள்ளத்தாக்கின் மேல் மிதந்த மேகத்தைக் கண்டார்கள். நம் நாயகன் ஒரு குடையையும் ஒரு வாலையும் கண்டான். அவ்வால் ஈயை ஓட்டும் சாக்கில் அவன் முகத்துக்குச் சாமரம் வீசியது. வரிசையின் தலைப்பிலிருந்து மாமனாரின் சிரிப்பும் மருத்துவனின் சிரிப்பும் பின்னிப் பிணைந்து காற்றில் வந்து சேர்ந்தன. என்ன வேடிக்கை என்பது மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

ஓடை ஒன்று குறுக்கிட்ட இடத்தில் பாதை விரிந்தது. இதுவே தருணம் என்று கண்ட நம் நாயகன், வில்லிலிருந்து விடுபடும் கணைபோல் பாய்ந்து ஐவரையும் கடந்து முதலிடம் கொள்ளக் கருதி, இரு குதிகாலாலும் பாப்பாவின் விலாவில் உதைத்தான். பாப்பா நின்றாள். மீண்டும் உதைத்தான். அவள் தலைகுனிந்து தண்ணீர் குடித்தாள். மூன்றாம் முறை உதைத்தபோது, உதைப்பது யாரென அறியும் ஆவலின்றி, ஒரு பெரணியை வேரோடு பிடுங்கிச் சுவைக்கலானாள். வீரம் தோற்ற இடத்தில் சொல்வன்மையைக் கையிலெடுத்தான் அவன். தயங்கும் குடும்பங்களை இரட்டைக் கதவுக்கு உயர்த்திய அதே நாவால், முன்னே செல்வதன் நன்மைகளையும், அங்கே புல் பசுமையாயிருப்பதையும், இன்று விட்டால் இவ்வாய்ப்பு இனி இல்லை என்பதையும் அவள் காதில் பொழிந்தான்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் குதிரைகிட்ட என்னமோ பேசிக்கிட்டே வர்றாரு?" என்றார் மாமியார்.

"கடையில பிரிட்ஜ்கிட்டயே பேசுவாரும்மா. நீ முன்னாடி பாத்து வா."

குதிரைக்கார அம்மாள் மட்டும் திரும்பி நடந்து வந்தாள். "சும்மா உதைக்காதீங்க சார். யாருக்கு அடுத்து யாருன்னு இதுங்களுக்குள்ள ஒரு வரிசை இருக்கு. அதை நானே மாத்த முடியாது."

குதிரையை மாற்ற முடியாது, ஆனால் குதிரையின் மேலிருக்கும் மனிதனை மாற்றலாமே! பேரரசுகளைக் கவிழ்த்த எண்ணங்களுக்கு நிகரான அந்த எண்ணம் அப்போதுதான் அவன் உள்ளத்தில் உதித்தது. பழைய மன்னர்கள் பகைவரின் ஆநிரை கவர்ந்து போரைத் தொடங்கினார்கள் என்பர். இவனுக்கு நிரை தேவையில்லை, ஒரே ஒரு குதிரை போதும்.

பாதை ஒருபுறம் பாறையும் மறுபுறம் சரிவுமாகக் குறுகிக்கொண்டே போய், அருவிக்கு மேலிருந்த ஓர் இடுக்கில் முடிந்தது. வந்த வரிசையிலேயே குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிவிட்டு, குதிரைக்கார அம்மாள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் பாறை நிழலில் சாய்ந்தாள். கீழே இருந்தது அருவி! ஆயிரம் குளிர்பெட்டிகளின் கதவை ஒரே நொடியில் திறந்தாற்போல் எழுந்த குளிர்ச்சாரல், கழுத்து மடிப்பில் தேங்கிய வியர்வையைத் தொட்டு, "வா" என்றது. பச்சைக்கண்ணாடி போன்ற குளம், "இறங்கு" என்றது. இந்நாளுக்கென்றே வாங்கிய நீச்சல் உடை, மீன்கள் நீந்தும் நீல நிற உடை, கால்சட்டைக்குள் காலையிலிருந்து தயாராகவே இருந்தது.

குடும்பம் குளத்தில் இறங்கியது. கொழுந்தியாள் கூச்சலிட்டாள். மாமியார் கைப்பையைப் பாறையில் வைத்துவிட்டு, குடையை மடக்காமலே அருவிக்கருகில் சென்று, அதன் பயனின்மையைக் கண்டு அதையும் கரையில் எறிந்தார். அருவி முதுகில் அறைய அறைய இளமை திரும்பிய மாமனார் நீருக்குள்ளிருந்து முழங்கினார்:

"மாப்பிள்ளை! இங்க வந்து நில்லுங்க, முதுகுல என்னமா அடிக்குது பாருங்க! பெரிய மாப்பிள்ளை, அந்தத் துண்டு நனையாம பாத்துக்குங்க."

எரிகிற நெருப்பில் நெய் ஊற்றியது போலாயிற்று. துண்டைத் தோளில் போட்டான் நம் நாயகன். அருவிக்கு முதுகு காட்டினான். புறமுதுகிட்டான் என்று எவரும் எண்ணற்க. முன்னேறும் திசை அதுவாக இருந்தது. சரிவில் தவழ்ந்து மேலேறி, மேனேஜரின் அருகே நின்று, ஒரு காலைச் சேணத்தின் மிதிவளையத்தில் நுழைத்து, எம்பி, சறுக்கி, மீண்டும் எம்பி, இடையில் குதிரையின் பிடரியைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, கடைசியில் யார் உதவியுமின்றி அதன் மேல் ஏறி அமர்ந்தான். அமர்ந்தவன் இறங்கவில்லை. இறங்கினால் மீண்டும் ஏற முடியுமா என்பது அவனுக்கே ஐயம். கீழே அவர்கள் குளித்தார்கள். நீந்தினார்கள். மறுபடி குளித்தார்கள். மேலே வெயில் உச்சியைப் பிளந்தது. ஓர் அட்டை அவன் கணுக்காலில் பந்தி போட்டு அமர்ந்து உண்டது. நீலத் துணியின் மீன்கள் வியர்வையில் நீந்தின. கைப்பற்றிய கோட்டையைக் காக்கும் தளபதி இதையெல்லாம் பொருட்படுத்துவானோ!

"என்னங்க! இவ்ளோ தூரம் வந்துட்டு குதிரை மேல ஏன் உக்காந்திருக்கீங்க? இறங்கி வாங்க!" என்று கீழிருந்து கூவினாள் மனைவி.

"நீங்க குளிங்க. நான் காவலுக்கு இருக்கேன்!"

"குதிரையை யாருங்க தூக்கிட்டுப் போகப் போறா?"

இவ்வினாவுக்கு வீரர்கள் விடையளிப்பதில்லை.

ஒருவழியாக அவர்கள் கரையேறினார்கள். கூந்தல் சொட்டச் சொட்ட, உதடு நீலம்பாரிக்க, ஒருவரை ஒருவர் கேலி செய்தபடி மேலே வந்தார்கள். பல் மருத்துவன் மேனேஜரை நெருங்கினான். வந்தது கணம்! மார்பை நிமிர்த்தி, கடிவாளத்தை இறுகப் பற்றி, காடு அதிர, மலை எதிரொலிக்க, நம் நாயகன் தன் போர்ப் பிரகடனத்தை வெளியிட்டான்:

"நான் இதுலயே வர்றேன்!"

பகைவன் வாளை உருவுவான் என்று அவன் காத்திருந்தான். வாதத்தையாவது உருவுவான் என்று எதிர்பார்த்தான்.

"தாராளமா அண்ணே. எனக்கு எதுன்னாலும் சரிதான்" என்ற மருத்துவன், தலையைத் துவட்டிக்கொண்டே வரிசையின் கடைசிக்கு நடந்து போய்ப் பாப்பாவின் மேல் ஏறிக்கொண்டான்.

போர் நடக்கிறது என்பதே எதிரிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் வெற்றி வெற்றியே. வாகை சூடியவன்போல் நம் நாயகன் பாதை முடியும் இடத்தைப் பார்த்து நிமிர்ந்து அமர்ந்தான். ஐந்து குதிரைகளும் ஐந்து உறவுகளும் தனக்குப் பின்னால், தன் முதுகைப் பார்த்தபடி. இனி அழைப்பவர் எவரை அழைப்பார்?

குதிரைக்கார அம்மாள் எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு விசில் ஊதினாள். பழகிய குதிரைகள் ஆறும், நின்ற நின்ற இடத்திலேயே, பாறையை உரசியபடி சுற்றித் திரும்பின. வீடு திரும்பும் திசையில், வரிசையின் முகப்பில், பாப்பா நின்றாள்.

"என்னம்மா இது? மேனேஜர்தானே முன்னாடி போகணும்?" என்றான் நம் நாயகன்.

"போறப்ப மேனேஜர், வர்றப்ப பாப்பா. இந்த இடுக்குல மேனேஜரை மறுபடி முன்னாடி விட எடம் ஏது சார்? தினமும் இப்படித்தான்."

"அட! கடைசிப் பெட்டி எஞ்சின் ஆயிடுச்சு பாரு!" என்று தொழில்முறை மகிழ்ச்சியோடு கைதட்டினார் மாமனார்.

ஆம், உலகீரே! அவன் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால், நீலமீன் உடையோடு குளத்தில் குதித்து ஆசைதீரக் குளித்துவிட்டுப் பாப்பாவின் மேல் பேசாமல் ஏறியிருந்தால், இப்போது முதலாவதாய்ப் போய்க்கொண்டிருப்பான். தன் கையாலேயே தன்னை மீண்டும் கடைசியில் கட்டிக்கொண்டான்! காலையில் உதைகளுக்கு அசையாத பாப்பா, கொள்ளு காத்திருக்கும் திசை தெரிந்ததும், ஒரு கண்ணுக்கு இரண்டு கண்ணாய் விழித்து, சேறு தெறிக்கப் பாய்ந்தாள். "அண்ணே, இது சூப்பரா போகுதுண்ணே!" என்ற மருத்துவனின் குரல் வளைவுக்கு அப்பால் தேய்ந்தது. மாமியாரின் குடை பின்தொடர்ந்தது. மனைவியும் அவள் தங்கையும் மறைந்தனர்.

எஞ்சியது ஒரு குதிரை. நம் நாயகனுக்கு நேர் முன்னே, ஈரத் துண்டைத் தலைப்பாகையாய்க் கட்டி, கண்பார்வை மங்கிய மெதுநடைக் குதிரையில், தன்னந்தனியே அசைந்து போய்க்கொண்டிருந்தார் மாமனார். இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, சேணத்தில் ஒரு கையூன்றி, மெல்லப் பின்புறம் திரும்பி, அவர் திருவாய் மலர்ந்தார்:

"மாப்பிள்ளை..."

அடைமொழி இல்லை! கேளுங்கள் திசைகளே, முன்னே 'பெரிய' இல்லை, பின்னே எதுவும் இல்லை. ஆதி நாளில் கூடத்தில் எழுந்த அதே பழுதற்ற, கலப்பற்ற, தனிப்பெரும் அழைப்பு! மாமனாரின் குரல் எட்டும் தொலைவில் வேறு மாப்பிள்ளை எவனும் அப்போது இல்லையே என்று முணுமுணுப்பவர்கள் காவியம் கேட்கத் தகுதியற்றவர்கள், எழுந்து போகலாம். விண்ணில் முரசு அதிர்ந்தது. கானகத்து மரங்கள் பூவில்லாத குறைக்கு இலைகளைச் சொரிந்தன. இழந்த முடியை மீண்டும் சூடிய வேந்தனைப்போல், சூளுரை முடித்த வீரனைப்போல், கடைசிப் பெட்டியையும் விற்றுவிட்டு விளக்கணைக்கும் கடைக்காரனைப்போல் நெஞ்சு விம்மி, நாத் தழுதழுக்க, "சொல்லுங்க மாமா!" என்றான் நம் நாயகன்.

"ஆமா, இவ்ளோ தூரம் வந்து நீங்க மட்டும் ஏன் குளிக்கவே இல்ல?"

லேசாகச் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னான்.