சைலன்சர் வைத்த பேட்டரி வண்டி

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: விருதுநகர் மாவட்டத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தை மனமாரக் காதலித்தவர் ஒரே ஒருவர்தான். சட்டம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாய்க்காரர் என்பார்கள். எந்த ஊர் அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பென்ஷனில் பிழைப்பவன்.

தண்ணீர்க் குழாய் அல்ல, பட்டாசுக்கு மருந்து அடைக்கிற காகிதக் குழாய். அவர் தெருப் பெண்கள் வீட்டில் சுருட்டும் குழாய்களைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் அச்சங்குளம் பக்கத்து ஆலை ஒன்றில் கொண்டுபோய் இறக்குவார். அவர் கொண்டுபோனால்தான் அந்தத் தெருவுக்கு வேலை. ஒரு காலத்தில் அதே ஆலையில் மருந்து கலந்தவர். வலது கையின் நடு விரல்கள் மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

வருடா வருடம் தீபாவளி சீசன் ஓய்ந்ததும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லைசென்ஸ் கேட்டு எங்கள் அலுவலகம் வருவார்.

"சார், இந்த வருசமாச்சும் வெரல் மொளைச்சிருக்கான்னு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

டாக்டர் பார்ப்பார். விரல் முளைத்திருக்காது. சான்று கிடைக்காது. லைசென்ஸ் இல்லாமல் ஊரில் பாதிப் பேர் ஓட்டுகிறார்களே, நீங்களும் ஓட்டிவிட்டுப் போங்கள் என்று வாசலில் நின்ற புரோக்கரே மனமிரங்கிச் சொன்னார். தனக்குக் கமிஷன் இல்லாத யோசனையை அந்த ஆள் சொன்னது அன்று ஒரு நாள்தான். குழாய்க்காரர் மறுத்துவிட்டார்.

"ஆர்டர் அவசரம்னு ஒரு நா ரூலுக்கு மேல மருந்து கலக்கச் சொன்னாக. கலந்தேன். இனி எந்த ரூலையும் மீறுததா இல்ல."

முழங்கால் தேய்ந்து சைக்கிள் மிதிக்க முடியாமல் ஆன சமயத்தில்தான் பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்தன. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருடம். மோட்டார் இருநூற்றைம்பது வாட்டுக்கு மேல் போகாமல், வேகம் இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், வரி வேண்டாம். குழாய்க்காரர் புது வண்டியை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"நான் ஓட்டலாமா சார்?"

"ஓட்டலாம்."

"கையி?"

"காலால் ஓட்டினாலும் சட்டம் பார்க்காது."

அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வண்டியில் சத்தமே இல்லாததால் மல்லாங்கிணறு சாலையில் ஆடுகள் ஒதுங்கவில்லை. ஹாரன் அடிப்பது மரியாதைக் குறைவு என்று, வாயாலேயே "டுர்ர்ர்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

ஒரு வாரத்துக்குள் கான்ஸ்டபிள் ஒருவர் மறித்தார்.

"யோவ், நம்பர் எங்க?"

"இதுக்குக் கெடையாதுங்க."

"ஆர்.சி.?"

"அதுவும் கெடையாதுங்க."

"லைசென்ஸ்?"

"தேவையில்லைங்க."

"ஹெல்மெட்டாவது வேணுமா, அதுவும் வேண்டாமா?"

"வேண்டாந்தாங்க. நானாப் போட்டுருக்கேன்."

கான்ஸ்டபிள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை வெயிலில் நிற்க வைத்தார். மறுநாள் குழாய்க்காரர் மறுபடியும் என் மேசையில்.

"சார், ஒரு நம்பர் குடுங்க."

"வாகனமே இல்லாததுக்கு எப்படி நம்பர் கொடுக்கிறது?"

"அப்பம் நம்பர் வேண்டாம்னு எழுதிக் குடுங்க."

நியாயம்தான். அதிகாரியிடம் கொண்டுபோனேன். "இதுக்கு எழுதிக் கொடுத்தா, நாளைக்குக் கட்டிலுக்கும் எருமைக்கும் நம்பர் வேண்டாம்னு எழுதிக் கேட்பான்" என்றார் அவர். அரசாங்கத்திடம் அனுமதிக்க ஒரு முத்திரை உண்டு, மறுக்க ஒரு முத்திரை உண்டு. தேவையில்லை என்று சொல்ல முத்திரை கிடையாது.

இதைவிடப் பெரிய சட்டம் ஆலை வாசலில் இருந்தது. பட்டாசு ஆலைக்குள் போகும் எந்த வண்டியானாலும், தீப்பொறி தெறிக்காமலிருக்க, சைலன்சர் முனையில் ஓர் இரும்பு மூடி மாட்டவேண்டும். மூடிகளை வாட்ச்மேன் ஒரு பெட்டியில் வைத்திருப்பார்.

"ஏலே குழாய், மூடியை எங்கனலே மாட்ட?"

"இது பேட்டரி வண்டிலே. இதுல பொகையே வராது."

"பொகை வருதா வரலையாங்கது என் சோலி இல்ல. மூடி மாட்டாத வண்டி உள்ள போவக் கூடாது."

"சைலன்சரே இல்லையேலே!"

"அது ஒம்பாடு."

விரல் போன அன்று குழாய்க்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அந்த வாட்ச்மேன். அதனால் குழாய்க்காரர் மேலே வாதாடவில்லை. வண்டியை வெளியே நிறுத்தி, சாக்குகளைத் தலையில் சுமந்து கொண்டுபோனார். நேரம் பிடித்தது. மேனேஜர் முகம் சுளித்தார்: "சீசன் நேரம்யா. ஒரு லோடு தப்புனாலும் மினி லாரிக்காரனுக்கு விட்டுருவேன். அவன் வெளியூர்லருந்து குழாயோட வந்து நிக்கான்."

மறுநாள் குழாய்க்காரர் பழைய இரும்புக் கடையில் ஏதோ மொபெட்டின் சைலன்சர் ஒன்றை வாங்கி, வண்டிக்கு அடியில் கம்பியால் கட்டினார். அது எதோடும் சேரவில்லை. சும்மா தொங்கியது. வாட்ச்மேன் அதன் முனையில் மூடியை மாட்டி, இழுத்துப் பார்த்து, "இப்பம் போ" என்றார். பொய் நம்பர் எழுதுவது குற்றம் என்பதால், குழாய்க்காரர் நம்பர் பலகையில் முறையான அளவில் 'நம்பர் கிடையாது' என்று எழுதி வைத்திருந்தார். வாட்ச்மேன் கேட் பதிவேட்டில், வண்டி எண்ணுக்கு நேராக, அதையே பார்த்து எழுதிக்கொண்டார்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது சாத்தூர் சாலையில் எங்கள் புது ஆய்வாளர் சோதனைக்கு நின்றார். படித்த பிள்ளை.

"சைலன்சர் இருந்தா எஞ்சின் இருக்கணும். எஞ்சின் இருந்தா பதிவு வேணும். எங்கே பதிவு?"

"எஞ்சின் எங்கன இருக்குன்னு நீங்களே தேடிப் பாருங்க சார்."

ஆய்வாளர் குனிந்து தேடினார். சீட்டைத் தூக்கித் தேடினார். கிடைக்கவில்லை. 'எஞ்சினை மறைத்து வைத்துள்ளார்' என்று எழுதி, வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் அலுவலக வளாகத்தில், வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

பிடித்த வண்டியை விடுவிக்க ஆர்.சி. காட்டவேண்டும். இந்த வண்டிக்கு ஆர்.சி. கிடையாது. குழாய்க்காரர் தினமும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். மழை பெய்தது. சார்ஜ் ஏற்றாத பேட்டரி செத்தது. லோடு மினி லாரிக்காரனுக்குப் போயிற்று. குழாய் சுருட்டிய பெண்கள் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள்.

நான் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: இது மோட்டார் வாகனம் அல்ல, ஆகவே மோட்டார் வாகனச் சட்டப்படி இதைப் பிடிக்க நமக்கு அதிகாரம் இல்லை. அதிகாரி படித்தார். வியர்த்தார். "அப்ப பிடிக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம்" என்றார். பிடிக்காத வண்டியை விடுவிக்கவும் முடியாது. எனவே வாசல் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு அலுவலகமே டீ குடிக்கப் போயிற்று.

திரும்பி வந்தால் வண்டி அங்கேயே நிற்கிறது. பக்கத்தில் அவரும் நிற்கிறார்.

"ஏன், எடுத்துட்டுப் போகலையா?"

"எழுத்து இல்லாம கேட்டுக்குள்ளருந்து எடுத்துட்டுப் போனா அது களவுல்ல சார்?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"நீங்க தள்ளி ரோட்டுல விட்டுருங்க. ரோட்டுல கெடக்கது என் வண்டிதானன்னு நான் எடுத்துக்கிடுதேன்."

கண்காணிப்பாளராகிய நான், பியூன்கள் வேடிக்கை பார்க்க, செத்த வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாலையில் நிறுத்தினேன். அவர் கம்பியை அவிழ்த்து, சைலன்சரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது ஒங்க ஆபீசுக்குத்தான் ஆகும் சார். உள்ள என்ன நடந்தாலும் வெளிய சத்தம் வராது."

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு விரலால் ஹேண்டிலைப் பிடித்து, தள்ளிக்கொண்டே போய்விட்டார். மறுவருடம் அவர் லைசென்ஸ் கேட்டு வரவில்லை. காரியாபட்டியில் மகள் வீட்டோடு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

இப்போது தெருவெல்லாம் சத்தமில்லாத வண்டிகள். யாரையும் யாரும் மறிப்பதில்லை. பின்னால் ஒன்று வந்து என்னைக் கடக்கும்போதெல்லாம் ஓட்டுகிறவரின் வலது கையைத்தான் பார்க்கிறேன். ஐந்து விரலும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஏமாற்றமாக இருக்கிறது.