பயிற்சியாளர் அம்மாவின் உத்தரவுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, கோப்புக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் பொறுப்பை இனி மகளிடம் விட்டு வைப்பதற்கில்லை.

கோப்புக்காரர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். முப்பத்தொரு வருடமாகப் பதிவறையில் வேலை. எழுத்தில் வராத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. கல்யாணம் ஆனதைக்கூடப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் நம்பினார் என்று மனைவி சொல்வாள். கடவுள் அவருக்குத் தங்கமான மனசைக் கொடுத்திருந்தார். என்ன, அதை ஒரு அட்டைக்குள் வைத்து நாடா போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மகளுக்குப் பதினேழு வயசு. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தை இரண்டே சுற்று. அந்த இரண்டு சுற்றை இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்குள் ஓடிவிட்டால், தூரத்திலிருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அம்மா திரும்பிப் பார்ப்பார். பார்த்தால், தேர்வுக் குழுவிடம் அவள் பெயரைச் சொல்லுவார். சொன்னால், குழு யோசிக்கும். இவள் இதுவரை ஓடியதில் நல்ல நேரம் இரண்டு நிமிடம் பதின்மூன்று. அந்த ஒரு விநாடி கோப்புக்காரரின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

போதாததற்கு, தெருமுனை மருந்துக்கடைக்காரர் வேறு.

"நூறு பேர் கேட்டா நாலு பேருக்குத்தான் சார் இடம். என் தங்கச்சி பையன் மார்க்கு அப்படி! வயலின் வேற வாசிப்பான். அவனையே வேண்டாம்னுட்டாங்க."

"எங்க பொண்ணு ஓடுவா."

"ஓடுற புள்ளைங்களே ஆயிரம் பேர் வர்றாங்க சார். சரி, வயித்துக்கு மாத்திரைதானே? போன வாரம் கொடுத்தேனே, அதுக்குள்ள தீந்துடுச்சா?"

தீர்ந்துதான் போயிருந்தது. மகள் ஓடப் போகிறாள் என்றால் இவருக்கு வயிறு ஓட ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவள். வீட்டிலும் ஒரு பழைய கணினி, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஓர் இயந்திரம்.

"இங்க பாரு, அந்தப் பயிற்சியாளர் அம்மாவுக்கு நானே கடிதம் எழுதப் போறேன்."

"பாப்பாவே எழுதுவா. பிள்ளைங்க எழுதுறதைத்தான் அவங்க விரும்புவாங்களாம்."

"பாப்பாவுக்கு என்ன எழுதத் தெரியும்? 'பார்வை'ன்னு ஒண்ணு போடணும், 'பொருள்'னு ஒண்ணு போடணும். அவ எடுத்த எடுப்பிலேயே வணக்கம்னு ஆரம்பிப்பா."

மனைவி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். கடவுளிடம் ஏதோ சொல்லுகிறவள் மாதிரி உதடு அசைந்தது. பிறகு, "சரி, எழுதிக் கொடுங்க. அடிச்சு அனுப்பிடறேன்" என்றாள்.

இங்கேதான் அவர் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவர் எதையும் தானாக அனுப்பியது கிடையாது. வரைவு எழுதுவார், ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார், தட்டச்சுக்குக் கொடுப்பார். கடிதம் போய்ச் சேரும். பதில் தாளில் வரும். துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார். வீட்டிலும் அதே நடைமுறைதான். திரையில் தெரிவதெல்லாம் அவருக்கு எழுத்தே இல்லை. மின்சாரம் போனால் கூடவே போய்விடுமே!

நாலு பக்கம் எழுதினார். மகள் பிறந்த எடை, முதலில் நடந்த தேதி, ஐந்து வயதில் நாய் துரத்தி ஓடிய தூரம் எல்லாம் அதில் இருந்தது. சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்தவர் கையில் மனைவி தாளைக் கொடுத்தாள். அவர் முதலில் பார்த்தது மேல் மூலையைத்தான். எண் இருந்தது. 40916/7/22. கோப்புக்காரர் முகம் மலர்ந்தது. எண் போட்ட கடிதம் பொய் சொல்லாது.

"தங்கள் கடிதம் கிடைத்தது. ஓட்டக்காரியின் வேகத்தைவிட அவள் வீட்டின் அமைதியே எங்களுக்கு முக்கியம். எனவே இன்று முதல், ஓட்டத்தைப் பற்றித் தந்தை எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. குறிப்பாக, சாப்பிடும்போது."

"இது என்ன, இப்படிப் போட்டிருக்காங்க?"

"பெரிய இடம்ங்க. ஒண்ணு சொன்னா காரணம் இருக்கும்."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகள் எதிரே இருந்தாள். 'இன்னிக்கு எவ்வளவு நேரம்?' என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். மறுபடியும் வந்தது. மறுபடியும் தண்ணீர். ஆறு டம்ளர் குடித்தார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில்... வெயில் எப்படி இருந்துச்சு?"

மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து இரண்டாம் கடிதம். "ஓட்டக்காரியின் உடைகளையும் காலுறைகளையும் தந்தையே துவைக்க வேண்டும். பொறுப்புள்ள குடும்பமா என்பதை இதை வைத்தே கணிக்கிறோம். தாயாருக்கு இடுப்பு வலி இருப்பதால் வீட்டின் மற்றத் துணிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்."

கோப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"உனக்கு இடுப்பு வலின்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"நூத்துக்கு நாலு பேரை எடுக்கிற இடம்ங்க. குடும்பத்தையே அலசிப் பார்க்க மாட்டாங்களா?"

"அதுவும் சரிதான். என் வயித்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"நல்லவேளை."

அன்றிலிருந்து அவர் துவைத்தார். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு நேரம் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். துணி இயந்திரத்துக்குப் போன தேதிக்கு ஒரு பதிவேடு, திரும்பி வந்த தேதிக்கு ஒரு பதிவேடு. ஒரு காலுறை ஜோடி தவறினால், "நிலுவையில் உள்ளது" என்று சிவப்பு மையில் எழுதினார். மனைவி நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். இடுப்பு வலி குறைந்துகொண்டே வந்தது. ஜெபத்தின் பலன் என்றாள்.

மூன்றாம் கடிதம்தான் இடி. பெரிய போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அதில் மகள் ஓடும் நேரத்தைத்தான் பயிற்சியாளர் அம்மா பார்க்கப் போகிறார். அதோடு சரி, அதற்குப் பிறகு வாய்ப்பே இல்லை.

"போட்டி நடக்கும் மைதானத்துக்குத் தந்தை வரக் கூடாது."

மகள் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் போனவர் அவர். போவது மட்டுமா? கம்பி வேலியை ஒட்டிக் கூடவே ஓடுவார். "கையை வீசு! மூச்சை விடு! விடாதே!" என்று கத்துவார். மூச்சை விடுவதா, விடக் கூடாதா என்று பக்கத்தில் இருப்பவர்கள் குழம்புவார்கள். போன போட்டியில் அவர் தடுக்கி விழுந்த சத்தத்தில் மகள் கடைசி வளைவில் திரும்பிப் பார்த்தாள். முதலில் வந்துகொண்டிருந்தவள் மூன்றாவதாக வந்தாள். ஓட்டம் முடிந்ததும் நேரே அவரிடம்தான் வந்தாள். அவருடைய முட்டிக்கு மருந்து போட்டுவிட்டாள்.

மேல்முறையீடு எழுதினார். வாசல் கேட்டுக்கு வெளியே, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிற்க அனுமதி கேட்டார். மறுநாளே பதில். "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. மேலும், போட்டி நாளன்று பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, தந்தையின் கால்சட்டைகள், வேட்டிகள், காலணிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் துவைக்கப்பட வேண்டும்."

"காலணியுமா?"

"கிருமிங்க. பாப்பாவுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல."

போட்டி நாளும் வந்தது. மனைவியும் மகளும் கிளம்பினார்கள். வாசலில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தாள். "போம்மா. நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

சரியாக மூன்றே கால். எல்லாக் கால்சட்டையும், வேட்டியும், இரண்டு ஜோடி துணிக் காலணியும் உள்ளே போயின. இடுப்பில் ஒரு துண்டோடு பொத்தானை அழுத்தினார். ஒரு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. காலணிகள் தடதடவென்று உள்ளே மோத, இயந்திரம் ஆடிக்கொண்டே சுவரை விட்டு நகர ஆரம்பித்தது. பிடித்துத் தள்ளலாம் என்று பின்பக்கம் குனிந்தார்.

பின்புறத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு. தொடர் எண் 40916722.

கோப்புக்காரர் குனிந்தபடியே நின்றார். முப்பத்தொரு வருடத்தில் ஓர் எண்ணை மறந்தவரில்லை அவர். நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. ஏழு. இருபத்திரண்டு. கேள்வி கேட்காதே என்று தனக்கு உத்தரவு போட்டது இந்தத் துணி இயந்திரமா?

இல்லை. இதைத் தினமும் துடைத்து வைக்கிறவள்.

"அடிப்பாவி!"

மணி மூன்று இருபத்தைந்து. ஓட்டம் நாலு மணிக்கு. பேருந்தில் போனால் பதினைந்து நிமிடம். ஓடினாலும் போய்ச் சேரலாம். பாய்ந்து கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை திறக்காத ஜாதி அது. கண்ணாடிக்குள்ளே அவருடைய மானம் மொத்தமும் நுரையில் சுற்றிக்கொண்டிருந்தது. துண்டோடு பேருந்து ஏற அவருக்குத் துணிச்சல் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாலு மணி ஆனது. இந்நேரம் துப்பாக்கி வெடித்திருக்கும். கண்ணாடிக்குள் துணிகள் சுற்றின. முதல் சுற்றில் இருப்பாள். வாயைத் திறந்தார், கத்துவதற்கு. யாருக்குக் கேட்கப் போகிறது? அப்போதுதான் அந்தக் கடைசி வளைவு நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பியபோது அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்ற பயம். ஓடுகிறபோதும் அந்தப் பிள்ளை இவரையும் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டார். "கடவுளே, அவ திரும்பிப் பார்க்காம இருக்கணும்" என்றார். வாழ்க்கையில் அவர் எழுத்தில் தராத விண்ணப்பம் அது ஒன்றுதான்.

நாலு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, ரெண்டு நிமிஷம் பத்து விநாடி! பாப்பா தலையைத் திருப்பவே இல்லீங்க!"

துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் கோபம் ஞாபகம் வந்தது.

"நீ வீட்டுக்கு வா. இயந்திரத்துக்குப் பின்னால நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"பார்த்துட்டீங்களா? அப்படியே அங்க தூசியிருந்தா துடைச்சிடுங்க."

உண்மை அன்று சாயங்காலமே வெளியே வந்தது. மகள் இரண்டு மாதம் முன்பே பயிற்சியாளர் அம்மாவுக்குத் தானே எழுதியிருந்தாள். எடுத்த எடுப்பிலேயே வணக்கம் போட்டுத்தான். அந்த அம்மாவும் பதில் எழுதி, இந்த ஓட்டத்துக்காகக் காத்திருந்தார். மறுவாரம் மகளின் கைபேசிக்கு நிஜக் கடிதம் வந்தது. நேரம் பிடித்திருக்கிறது, மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது, பெயரைக் குழுவுக்குச் சொல்கிறேன், முடிவு அவர்கள் கையில், நாற்பது நாளில் தெரியும்.

"இதுல எண்ணே இல்லையே" என்றார் கோப்புக்காரர் சந்தேகமாக.

"உண்மையான கடிதம்பா" என்றாள் மகள்.

நாற்பது நாள்! மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார். கலக்கத்தில் கோபமும் சேர்ந்துகொண்டது. இந்த வீட்டில் தன்னை ஏமாற்றியதற்கு ஒரு நியாயம் வேண்டும். மனைவி இந்த உலகத்தில் பயப்படுவது அவளுடைய பெரிய அண்ணன் ஒருவருக்குத்தான். மைத்துனருக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினார். பார்வை போட்டார், பொருள் போட்டார். "தங்கள் தங்கை என்னைத் தொடர்ந்து துவைக்க வைத்துள்ளார்" என்று முடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

போட்டுவிட்டு, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், தட்டச்சுக்காக மனைவியிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே முழுதும் படித்தாள். "எழுத்து ரொம்ப அழகா இருக்குங்க. அனுப்பிடறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் மைத்துனரின் பதில் வந்தது.

"புகாரை விசாரித்தேன். தங்கை மீது தவறில்லை. குழுவின் முடிவு வரும்வரை துவைப்பது தொடரட்டும். மனம் அமைதிப்பட, துவைத்ததைத் தேய்த்தும் வைக்கவும்."

கோப்புக்காரர் இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. எண்ணைப் பார்த்தார். 5538/1. நேராக இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒப்பிட்டார். வேறு எண்தான். திருப்தியோடு துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார்.

அந்த எண் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடிக்குப் பின்னால் இருப்பதை, நாலாவது சட்டையைத் தேய்க்கும்போதுதான் பார்த்தார்.