அலவன் எழுதாத கடல்

ஒரு காட்டில் தண்ணீர் குடிக்க டோக்கன் வாங்க வேண்டும். முன்பெல்லாம் இப்படி இல்லை. புலி வந்தால் மான் ஓடும், இடம் காலியாகும், வரிசை தானாக நகரும். பிறகு சட்டம் வந்தது. குளக்கரையில் ஒரு கொட்டகை போட்டு, டோக்கன் கொடுக்கப் பூங்கோதை என்ற முள்ளம்பன்றியை உட்கார வைத்தார்கள். முள்ளம்பன்றியிடம் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் கல்வித் தகுதி.

அந்தக் காட்டில் வருடா வருடம் சிறந்த நூலுக்கு வனமணி விருது கொடுப்பார்கள். அந்த வருடம் இறுதிப் பட்டியலில் ஆறு நூல்கள் இருந்தன. காட்டு வாசகர் வட்டம் உடனே ஒரு சவாலை அறிவித்தது. ஆறையும் முப்பது நாளில் படித்து முடிக்க வேண்டும். முடித்தவர்களில் ஒருவரைக் குலுக்கிப் போட்டு எடுத்து விருது மேடையில் உட்கார வைப்பார்கள். நடுவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த வாசகர் சொல்வதுதான் முடிவு.

வட்டத்தின் செயலாளர் மதியழகன் என்ற கீரி. அது படிவக் கட்டோடு தண்ணீர் வரிசைக்கே வந்து ஆள் சேர்த்தது.

"எனக்கு ஒண்ணு குடுங்க தம்பி" என்றது பூங்கோதை.

"நீங்களா அக்கா? நீங்க பக்கத்தைப் புரட்டினா புத்தகம் சல்லடையாயிடுமே!"

வரிசை சிரித்தது. முந்தின நாள்தான் சலுகையில் முன்வரிசை டோக்கன் வாங்கிய கிழப்புலிகூடச் சிரித்தது. அதுதான் பூங்கோதைக்குத் தாங்கவில்லை.

"எழுதிக்குங்க" என்றது. "முப்பதாம் நாள் ஆறையும் முடிச்சுட்டு வந்து நிக்கிறேன்."

படிவத்தில் 'ஏன் படிக்கிறீர்கள்? ஒரு சொல்லில் எழுதவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. பூங்கோதை யோசித்துவிட்டு 'கோபம்' என்று எழுதிக் கொடுத்தது.

நூலகர் சிவஞானம் ஓர் உடும்பு. புத்தகத்தை எடுத்து நீட்டும், ஆனால் விடாது. பூங்கோதை ஒரு பக்கம் இழுக்க, சிவஞானம் மறுபக்கம் பிடித்துக்கொண்டே பேசும்.

"பத்திரமாத் திரும்பி வரணும்."

"வரும் அண்ணே."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

முதல் நூல் ஒரு யானை எழுதிய வம்ச வரலாறு. தொள்ளாயிரம் பக்கம். நானூறாவது பக்கத்தில்தான் கதாநாயகன் பிறந்தான். டோக்கன் கொடுத்துக்கொண்டே படித்ததில் பூங்கோதை நாற்பதாம் எண் டோக்கனை மூன்று மான்களுக்குக் கொடுத்துவிட்டது. மூன்றும் கொம்பை முட்டிக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற சிறுத்தை, "அதை விடுங்க, அந்த மூத்த யானை சொத்தைப் பிரிச்சுக் குடுத்துச்சா இல்லையா?" என்று கேட்டது. பூங்கோதை படித்தவரை சொன்னது. அன்று தண்ணீர் குடிக்காமலேயே பாதி வரிசை கதை கேட்டது.

இரண்டாவது, ஓர் இளங்கொக்கு எழுதிய கவிதை நூல். பக்கத்துக்கு ஒரு சொல். மூன்றாவது, ஒரு கரடியின் மருமகன் எழுதிய துப்பறியும் கதை. தேனைத் திருடியது யார் என்பது கரடிகளைத் தவிர எல்லோருக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு நாளில் மூன்றும் முடிந்தன. பூங்கோதையின் நடை மாறியது. முள்ளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டே நடந்தது.

இதற்குள் கீரி ஆறையும் முடித்துவிட்டிருந்தது. நாளுக்கு இரண்டு. ஒவ்வொரு நூலின் அட்டைக்குப் பக்கத்திலும் ஒரு தாமரைப் பூவை வைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியது. 'இன்னும் இதிலிருந்து மீள முடியவில்லை' என்று கீழே எழுதியிருந்தது. ஆறுக்கும் அதே வரிதான்.

நான்காவது நூலில்தான் வினை வந்தது. தொண்ணூறு பக்கம். அலவன் என்ற வயல் நண்டு எழுதியது. அட்டை முழுக்க நீலம். கதை சின்னது. மழையில் வளை இடிந்துபோன நண்டு ஒன்று, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வரப்புத் தவளையிடம் தங்க இடம் கேட்கப் போகிறது. என்ன சொல்லிக் கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்க்கிறது. பணிவாகக் கேட்டுப் பார்க்கிறது, பழைய சண்டையைச் சொல்லிக் காட்டிப் பார்க்கிறது, அழுதும் பார்க்கிறது. கடைசியில் தவளை கதவைத் திறந்து, "காலைத் துடைச்சுட்டு உள்ள வா" என்கிறது. நண்டுக்கு எல்லாக் காலையும் துடைத்து முடிக்க நேரமாகிறது. அதற்குள் இரண்டும் பேச ஆரம்பித்துவிடுகின்றன. அவ்வளவுதான்.

பூங்கோதை முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனது. மூன்றாம் முறை படித்து முடித்ததும் கொட்டகையைச் சாத்தியது. குளத்தின் அக்கரையில் அதற்கு ஒரு தங்கை உண்டு, அல்லிமலர் என்று பெயர். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. என்ன சண்டை என்பதும் பாதி மறந்துபோயிருந்தது. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பூங்கோதை நடந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று அதுவும் ஒத்திகை பார்த்தது. வாசலில் நின்றபோது ஒன்றும் நினைவில் இல்லை.

"நல்ல புத்தகம்னு கொண்டுவந்தேன்" என்று மட்டும் வந்தது.

அல்லிமலர் அதன் முகத்தையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றது.

பத்து நாள் கழித்து நூலகர் சிவஞானமே தேடிக்கொண்டு அக்கரைக்கு வந்தது. இரண்டு முள்ளம்பன்றிகளும் ஒருவருக்கொருவர் மாறி மாறி உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தன. புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்த உடும்பும் அப்படியே உட்கார்ந்து கடைசிவரை கேட்டது.

முப்பதாம் நாள் வந்தது. பூங்கோதை படித்தது நாலே நூல். அதில் ஒன்றை ஏழு முறை. கீரி நீட்டிய கைப்பேசியில் இருந்த நிறைவுப் படிவத்தில் நாலு கட்டத்தில் டிக் போட்டது. 'சமர்ப்பி' பொத்தான் அழுத்தினாலும் வேலை செய்யவில்லை.

"ஆறும் போட்டாத்தான் போகும் அக்கா" என்றது கீரி. "போட்டுடுங்களேன். நாப்பத்தோரு பேரு போட்டிருக்காங்க."

"படிக்காததுக்கு எப்படிப் போடுறது?"

"அதுக்குத்தானே டிக்? படிச்சிருந்தா நினைவிலேயே இருக்குமே!"

பூங்கோதை போடவில்லை. கிழப்புலி மறுபடி சிரித்தது. குலுக்கலில் கீரியின் பெயர் வந்தது.

விருது விழாவில் மூன்று நடுவர்கள். தலைவர் யானை, தன் பெரியப்பா எழுதிய வம்ச வரலாற்றைச் சொன்னது. கரடி, மருமகன் நூலைச் சொன்னது. கொக்கு ஒரே ஒரு சொல் சொன்னது. அது தன் சீடனின் கவிதை நூலுக்குத்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. முடிவு கீரியின் கைக்கு வந்தது.

கீரி மூன்று நடுவர்களையும் பார்த்தது. யாரைச் சொன்னாலும் மற்ற இருவரும் பகை. காட்டில் சொந்தபந்தம் இல்லாத எழுத்தாளன் யார் என்று பட்டியலில் தேடியது.

"அலவனின் நூல்!" என்றது. "ஆகா, அந்தக் கடல்! அந்த அலைகளின் ஆவேசம்! ஆழ்கடலின் மௌனத்தை இதுவரை யாரும் இப்படி எழுதியதில்லை!"

முன்வரிசையில் இருந்த அலவன் திடுக்கிட்டுக் கண்களை உயர்த்தியது. பூங்கோதை முள் சிலிர்க்க எழுந்து நின்றது. அந்த நூலில் வரப்பு உண்டு, மழை உண்டு, கடல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

"என்னம்மா எழுந்துட்டீங்க?" என்றது யானை. "ஏதாவது மறுப்பு இருக்கா?"

நடுவர்கள் மூவரும் காத்திருந்தார்கள். பூங்கோதை அலவனைப் பார்த்தது. வயலிலிருந்து நடந்தே வந்த காலில் சேறு இன்னும் காயவில்லை. பொய்யாக ஒரு டிக்கூடப் போட மறுத்த பூங்கோதை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டது.

"மறுப்பில்லைங்க ஐயா. அந்த அலையில நனைஞ்சு பத்து நாளா என் முள்ளு காயலை. சுறாமீன் வர்ற இடத்துல அழுதுட்டேன்."

"நானும்தான்" என்று யானை கண்ணைத் துடைத்தது. "திமிங்கலம்" என்றது கொக்கு. கரடி, புயல் அத்தியாயம் மட்டும் கொஞ்சம் நீளம் என்றது. விருது ஒருமனதாக அலவனுக்குப் போனது.

விழா முடிந்ததும் நண்டு பக்கவாட்டில் ஓடி வந்தது.

"அம்மா, நான் கடலைப் பார்த்ததே இல்லையே! யாராவது வாங்கிப் படிச்சுட்டுக் கடல் எங்கேன்னு கேட்டா?"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்றது பூங்கோதை. "அந்தத் தவளை கதவைத் திறந்ததே, அது ஒண்ணு போதும்."

"நீங்க... படிச்சீங்களா?" அலவன் விருதைத் தரையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தது.

அதன்பின் புத்தகம் ஐந்து பதிப்பு போனது. குகைக்குக் குகை, வளைக்கு வளை, நீல அட்டை தெரிய வாசலில் வைத்தார்கள். அலவன் ஒரு வருடம் பயந்துகொண்டே இருந்தது. கடல் எங்கே என்று கேட்டு ஒருவர்கூட வரவில்லை.

நீதி: நல்ல புத்தகத்துக்குப் பரிசு கிடைக்க வேண்டுமானால், அதைப் படித்தவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும், முடியாதவர்கள் சுறாமீனைப் பற்றிப் பேசலாம்.