மொட்டை மாடியில் சிக்கிய காவல்காரன்

பெங்களூரில் வீடு கேட்டுப் போகிறவனையும் பெண் கேட்டுப் போகிறவனையும் ஒரே கண்ணோடுதான் பார்ப்பார்கள். குற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, செய்தவன் இவன்தானா என்பது மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி. வீட்டுக்காரம்மாவின் அந்தப் பார்வையில் எப்படியோ பாஸாகிவிட்ட நான், பெண் வீட்டாரிடம் கோட்டை விட்டேன். அதில் பாதித் தப்பு அவர்களுடையது, பாதி என்னுடையது. (இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர்.)

அப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய் இடுப்பு விட்டுப்போன பிறகு, பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஒற்றை அறை பிடித்தேன். மாடியில் பாதி அறை, பாதி வெட்டவெளி. படியேறி வந்தால் இடது பக்கம் என் கதவு. வலது பக்கம் வெட்டவெளிக்குப் போகிற இரும்புக் கதவு, அதற்குத் தாழ்ப்பாள் படிக்கட்டுப் பக்கம். என் ஜன்னல் அந்த வெட்டவெளியைப் பார்த்து இருக்கும். கீழே வீட்டுக்காரம்மா நாகரத்னம்மா. இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் ஒரு பெரியவர் இதில் மாட்டப் போகிறார்.

எங்கள் கம்பெனி ஜமீல்தான் என்னை ஒரு விளையாட்டில் இழுத்துவிட்டான். வருங்காலத்தில் ஒரு நகரம். அங்கே பெரிய கம்பெனிகள்தான் அரசாங்கம். ஜனங்கள் மண்டைக்குள் ஒயர் சொருகிக்கொண்டு திரிவார்கள். நாம் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிகளுக்குள் புகுந்து ரகசியத்தைத் திருட வேண்டும். ஜமீல் கதை சொல்வான். நாங்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்போம். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கூட வேலை பார்க்கும் காயத்ரிக்குத் துப்பாக்கிக்காரி வேஷம், அவள் புருஷன் முரளிக்கு டிரைவர் வேஷம், எனக்கு ஹேக்கர் வேஷம். (ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் ஐ.டி. ஆளைக் கூப்பிட்டுவிட்டு நாலடி தள்ளி நிற்கிறவன் நான்.) இத்தனைக்கும் அந்த விளையாட்டுக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. காகிதம், பென்சில், பகடை, வாய். அவ்வளவுதான்.

எனக்காக ஜமீல் நாலு பக்கத்தில் ஹேக்கிங் பாலபாடம் ஒன்று எழுதிக் கொடுத்தான். சர்வரை ஒரு கட்டடமாக நினைத்துக்கொள், எதையும் தொடுமுன் பார், தானாகத் திறந்திருக்கும் கதவு பொறி, காரணமில்லாமல் இனிமையாகப் பேசுகிறவனும் பொறி என்றெல்லாம் போகும். அதில் எனக்கு உயிரான இடம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. காவல் நிரல், அதாவது சர்வருக்குக் காவல் இருக்கிற புரோகிராம், உன்னைத் தொடர்ந்து வந்தால் ஓடாதே, சண்டை போடாதே. ஒரே வாசல் உள்ள அறைக்குள் அது நுழையும்வரை பொறு. நுழைந்ததும் வாசலைச் சாத்திவிட்டு உன் வேலையைப் பார்.

நான் ஏற்கெனவே சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூடத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துதான் வாங்குவேன். என் கையில் இந்தப் பாலபாடம் கிடைத்தது, குரங்கின் கையில் பூமாலை கிடைத்த கதைதான்.

அந்தச் சமயத்தில்தான் சந்தாபுராவில் ஷீலாவைப் பெண் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேரையும் பேசச் சொல்லிப் பால்கனிக்கு அனுப்பினார்கள். துவைத்துக் காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எனக்கு வைத்த தட்டிலிருந்தே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று அப்பாவுக்குச் சைகை காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

"ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தபடி கேட்டாள்.

எவ்வளவு இனிமையான கேள்வி! திறந்த கதவு! எனக்குள் இருந்த ஹேக்கர் விழித்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா இருப்பேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா... சும்மாதாங்க."

அவள் முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். (எவ்வளவு பெரிய ஹேக்கர்!)

கிளம்பும்போது ஷீலாவின் அம்மா, "எங்களுக்குத் திருப்திதான். என் தம்பி ஒரு வார்த்தை விசாரிச்சிட்டா முடிச்சிடலாம்" என்றார். தாய்மாமன் சாலமன் அன்றைக்கு வரவே இல்லை. விசாரிக்கப் போகிறவன் முகத்தை மாப்பிள்ளைக்குக் காட்டக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரு ஃபேக்டரியில் கேட் செக்யூரிட்டியாக இருந்து ரிடையர் ஆனவர். வேலை முடிந்து போகிற ஒவ்வொருவன் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தே வாழ்நாளைக் கழித்த மனுஷன். அவர் சரி என்று சொன்னால் ஷீலா எனக்கு, இல்லை என்றால் இல்லை.

மாமா முதலில் போய் விசாரித்தது நாகரத்னம்மாவிடம். தமிழும் கன்னடமும் கலந்து அந்தம்மா எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ் பிற்பாடு வார்த்தை பிசகாமல் என் காதுக்கு வந்தது.

"ஒள்ளே பையன்ப்பா. குடி இல்ல, சிகரெட் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை மூணு பேரு வருவாங்க. ஜன்னலைச் சாத்திக்குவாங்க, உள்ள நீலமா லைட்டு எரியும். போன வாரம் யாரோ கம்பெனி சர்வரை ஒடைச்சாங்க. அதுக்கு முந்தி ஒரு வாட்ச்மேனைச் சாய்ச்சிட்டாங்க. ஆனா வாடகை மட்டும் கரெக்டா குடுப்பாரு."

நீல லைட்டு என்பது கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சீரியல் செட். வருங்காலம் நீலமாகத்தான் இருக்கும் என்பது ஜமீலின் நம்பிக்கை.

ஒரு பக்கம் மாமா என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் நான் ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மொட்டை மாடிகளில் பித்தளைக் குழாய்கள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் டாங்க்கில் இருந்ததும் போய், நாகரத்னம்மா அப்போதுதான் புதிதாக ஒன்று போட்டிருந்தார். அந்த ஞாயிறு மத்தியானம் எதிரே பேக்கரியில் சாம்பல் நிற சஃபாரி போட்ட ஒரு பெரியவர் என் அறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்கூட்டியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு கூட்டாளி. நோட்டம் பார்க்க ஒருவர், தப்பிக்க வண்டியோடு ஒருவர். எனக்கா தெரியாது இந்த வேலையெல்லாம்?

ஆனாலும் விளையாட உட்கார்ந்தேன். ஜமீலின் வழக்கப்படி எல்லோருடைய போனையும் சைலண்டில் போட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடினோம். அன்றைக்கு என் ஹேக்கருக்கு நல்ல நேரம். காவல் நிரல் பின்னாலேயே வந்தது. பாலபாடம் மூன்றாம் பக்கத்தை அப்படியே செய்தேன். காலி அறைக்குள் விட்டுச் சாத்தினேன். பகடையும் கைகொடுத்தது.

"சபாஷ் மச்சா! மொதல் தடவையா ஒருத்தனைப் பூட்டிட்ட!" என்று ஜமீல் முதுகில் தட்டினான்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது படியில் காலடி கேட்டது. கதவிலிருந்த கண்ணாடி ஓட்டையில் கண்ணை வைத்தேன். சாம்பல் சஃபாரி! பூனை மாதிரி ஏறி வந்து, என் கதவைப் பார்த்துவிட்டு, வலது பக்கம் திரும்பி வெட்டவெளிக்குள் நுழைந்தது. உள்ளே புதுப் பித்தளைக் குழாய். ஒரே வாசல்.

நான் ஓடவில்லை. சண்டை போடவில்லை. சத்தமில்லாமல் வெளியே போய், இரும்புக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. காரணம், போன வாரம் ஜமீல் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்து "கனமா இருக்கு" என்று சொல்லியிருந்தான். அவன் மேலும் எனக்கு ஒரு கண். ஆட்டம் முடிந்ததும் நாகரத்னம்மாவைக் கூப்பிட்டுத் திருடனைக் காட்டி நல்ல பேர் வாங்கலாம், அது ஷீலா வீட்டுக்கும் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன். சேர்ந்தது.

"இப்ப உள்ள பூட்டி வெச்சிருக்கிறவனை என்ன பண்றது?" என்றான் ஜமீல்.

"கொன்னுடலாம்" என்றாள் காயத்ரி, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே. "விட்டா நம்மளை அடையாளம் சொல்லிடுவான்."

"பாவம், வயசான மாடல். மயக்கம் போட வெச்சா போதாதா?" என்றான் முரளி.

"டைஸ் போடு எட்வின். ஆறு விழுந்தா ஆளு காலி" என்று ஜமீல் பகடையை என் பக்கம் தள்ளினான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், காதைக் கண்ணாடியில் ஒட்டவைத்தபடி நின்றிருந்த மாமா இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். திரும்பி ஓடிப்போய் இரும்புக் கதவைத் தள்ளியிருக்கிறார். திறக்கவில்லை. அந்த நிமிஷம் பார்த்து பெங்களூர் மழை இடியோடு பிடித்துக்கொண்டது. குடை கீழே பேக்கரியில், கூட்டாளியிடம். கூட்டாளிக்குப் போன் போட்டு, "என்னைப் பூட்டிட்டாங்கம்மா, டைஸ் போட்டு முடிவு பண்றாங்க" என்றிருக்கிறார்.

பகடையை எவர்சில்வர் தட்டில் உருட்டினேன். ஆறு!

"ஆறு! ஆறு! செத்தான்!" என்று நாலு பேரும் குதித்தோம்.

வெளியே யாரோ கர்த்தரைக் கூப்பிட்டு அலறுகிற சத்தம் கேட்டது. கூடவே என் கதவு இடிபட்டது. "எட்வின்! பாகிலு தெகியப்பா! கதவைத் தொற!" என்று நாகரத்னம்மா. திறந்தேன். கையில் துடைப்பத்தோடு அந்தம்மா. பின்னால் ஹெல்மெட் போட்ட கூட்டாளி. யாரும் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, குழாய்த் திருடனைப் பிடிச்சு வெச்சிருக்கேன்!" என்று சொல்லி, வீரனைப் போல இரும்புக் கதவைத் திறந்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்து சாம்பல் சஃபாரி நின்றிருந்தது. கையில் பித்தளைக் குழாய். (தற்காப்புக்காகத் திருகி எடுத்தாராம்.)

"பாருங்க! கையும் களவுமா!" என்று கத்தினேன்.

கூட்டாளி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "மாமா!" என்றாள்.

ஷீலா.

எனக்கு அப்போது வந்தது வெட்கமில்லை, பயம். போச்சு, இவள் இனி எனக்கு இல்லை என்றுதான் நினைத்தேன்.

மாமா என் துண்டையே போர்த்திக்கொண்டு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, என்னை நிற்க வைத்து விசாரித்தார். பாலபாடத்தை நாலு பக்கமும் படித்தார். ஜமீல் விளையாட்டு என்று விளக்க விளக்க அவர் கண் சுருங்கிக்கொண்டே போனது.

"ஹேக்கிங்குன்னு எழுதிக்கீது. கம்ப்யூட்டர் எங்கப்பா?"

"கம்ப்யூட்டர் இல்லைங்க மாமா."

"இல்லையா, ஒளிச்சு வெச்சிக்கிறீங்களா?"

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அரிசி டப்பாவைத் திறந்தார். உள்ளே நாலு போன். அதைப் பார்த்த நாகரத்னம்மா "அய்யோ தேவரே" என்று சுவரோடு சாய்ந்துவிட்டார். எங்கள் மீது மிச்சமிருந்த மரியாதையும் அதோடு போனது.

"இதுல உன் போன் எது? தொற, பார்க்கலாம்."

எடுத்து, பூட்டைத் திறக்கிற கோட்டைத் திரையில் இழுத்தேன். தப்பு என்றது. மறுபடி இழுத்தேன், தப்பு. இழுக்க இழுக்கத் தப்பு. கடைசியில் போன் என்னை வேற்றாள் என்று முடிவு கட்டி, சிறிது நேரம் கழித்து முயலுமாறு சொல்லிவிட்டது. தினமும் இழுக்கிற கோடு எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவர் தோள் தளர்ந்தது. "தன் போனையே தொறக்கத் தெரியல. இவன் எங்கம்மா சர்வரை ஒடைக்கப் போறான்?" என்று ஷீலாவிடம் சொன்னார்.

ஜமீல் சிரித்தான். ஷீலா சிரிக்கவில்லை.

"சும்மா இருப்பேன்னு சொன்னீங்களே" என்றாள். "தினமும் பசங்க சொல்ற பொய்யைக் கேக்கறவ நான், அப்பவே தெரிஞ்சுது. ஏன் சொன்னீங்கன்னுதான் தெரியல."

"பெரிய ஆளு இப்படி விளையாடுறானேன்னு நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருந்தது."

காயத்ரி வேர்க்கடலை உரிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"சரி, இப்ப கேக்கறேன். ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவீங்க?"

அதே திறந்த கதவு. இந்தத் தடவை பொறியானாலும் பரவாயில்லை என்று நுழைந்துவிட்டேன்.

"கம்பெனிகளை உடைப்பேங்க. டைஸ் போட்டு."

"நல்லா உடைப்பீங்களா?"

"இல்லைங்க. இன்னைக்குத்தான் மொதல் தடவையா ஒரு காவல்காரனைப் பூட்டினேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு தும்மல் போட்டார். ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்தன்று மேடையில் மாமா கனமான ஒரு பரிசைக் கொடுத்து, அங்கேயே பிரிக்கச் சொன்னார். புத்தம் புதுப் பித்தளைக் குழாய். எங்கள் சமையலறையில் இன்றும் அதில்தான் தண்ணீர் வருகிறது. சொந்தத்தில் யாராவது "எட்வின் ஞாயித்துக்கிழமையில என்ன பண்றான்?" என்று வாய் தவறிக் கேட்டால் போதும், பேச ஆரம்பித்த குழந்தை முதற்கொண்டு எல்லோரும் ஒரே குரலில் "சும்மா இருக்கான்!" என்பார்கள்.

மாமா மட்டும் அந்தக் கோரஸில் சேர மாட்டார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பாட்டுப் பந்தி மொட்டை மாடியில் என்று சொன்னால் படிக்கட்டிலேயே நின்றுவிடுவார். நான் வரும்வரை காத்திருப்பார். "நீ முன்னாடி போ மாப்ள" என்பார்.