சகலனுக்கு ஐந்து நிமிடம், எனக்கும் ஐந்து நிமிடம்

நான் ஒரு விசரன். இதை முதலே ஒத்துக்கொண்டால் மிச்சத்தைச் சொல்ல வசதி. (மனைவி சாந்தியைக் கேட்டால் இதைவிட விரிவாகச் சொல்லுவா.)

என் சகலன் தேவன் அண்ணை எங்கள் மொன்றியல் நகரின் வடபக்கம், மொன்றியல்-நோரில் இருக்கிறார். நகருக்கு வெளியே மாகாண விவசாய முகவரகத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் பயித்தங்காயும் போடுகிறார். பக்கத்துத் துண்டு சாந்திக்குக் கிடைப்பதாக இருந்தது. அதை நம்பித் தொழிற்சாலை வேலையை விடவும் அவ தயார். ஒரே சிக்கல், அந்த முகவரகத்தை நடத்தும் சட்டத்தின் காலம் முடிகிறது. சட்டசபை புதுப்பித்தால்தான் நிலம். அதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு மொன்றியலுக்கு வந்தது. கதைக்க வரச்சொல்லி அண்ணைக்கு அழைப்பு.

"எங்கட அத்தான் சட்டசபைக் குழுவிலயெல்லோ கதைக்கப்போறார்!" என்று சாந்தி போனில் ஊரெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. விரும்பிய எவரும் பெயர் கொடுக்கலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். கொடுத்தேன்.

அண்ணை கசங்கிய சேர்ட்டோடு வந்து, மண், தண்ணீர், குத்தகை என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். (ஒரு அம்மா குறிப்பும் எடுத்தா. அதுதான் தாங்கவில்லை.)

என் முறை. கோட், சூட், கக்கத்தில் பொன்னாடை. சங்க விழாக்களில் பேசிப் பழகிய வாய். பிரெஞ்சில் என்றாலும் முறை முறைதானே? தலைவர் அவர்களே என்று தொடங்கி, ஒவ்வொரு உறுப்பினரையும் பெயர், தொகுதி, அடைமொழியோடு விளித்து, ஒலிபெருக்கிக்காரர் வரை வந்தபோது நேரம் முடிந்து மைக்கை நிறுத்திவிட்டார்கள். சட்டம் பற்றி இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொன்னாடையையாவது போர்த்துவோம் என்று விரித்துக்கொண்டு தலைவரை நோக்கிப் போனேன். காவலாளி குறுக்கே வந்தார்.

தலைவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். மைக்கைத் திரும்பப் போடச்சொல்லி, "முன்பு பேசியவரோடு உடன்படுகிறீர்களா?" என்று கேட்டார்.

'ஓம்' என்றால் போதும். பின்வரிசையில் சாந்தி கண்ணாலேயே கெஞ்சுகிறா. ஆனால் தேவன் அண்ணையோடு உடன்படுவதா? அதுவும் மைக்கில்?

"நோன்" என்றேன்.

அன்று பேசிய அத்தனை பேரிலும் எதிர்ப்பு என்று பதிவானது நான் ஒருவன்தான்.

நல்லகாலம், என்னை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சட்டம் புதுப்பிக்கப்பட்டது. சாந்திக்கு நிலமும் கிடைத்தது. இன்றைக்கும் இரவுக்குப் புட்டா, இடியப்பமா என்று கேள்வி வந்தால் மகள், "அப்பா எதிர்ப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவை எடுப்பாள்.

போன கோடையில் சாந்தியின் நிலத்துக்குப் போனேன். தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"இஞ்சரும், தக்காளிக்கு நான் தண்ணி விடட்டோ?"

அவ நிமிரவேயில்லை.

"அத்தானிட்டக் கேளுங்கோ."