திருக்கைக்காக அழுதவர்கள்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் பாதிதான் நம்பி வந்தேன். எந்தப் பாதியை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொன்னவர் தொக்சூ, சங்வோல் மாவட்ட அலுவலகத்தின் பாரம்பரியச் சுவை மேம்பாட்டுப் பிரிவில் துணை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு உண்மை பேசுவதுண்டு. பழக்கமில்லாத வேலை என்பதால் அது பொய் மாதிரியே ஒலிக்கும்.

சங்வோல் துறைமுகத்தில் திருக்கை மீனை வைக்கோல் பரப்பிய ஜாடியில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். நன்றாகப் புளித்த துண்டு ஒன்றை வாயில் போட்டால் காரம் நாக்கில் நிற்காது. நேராக மூக்குக்கு ஏறி, கண் வழியாக இறங்கும். வேகவைத்த பன்றிக்கறியும், முட்டைக்கோஸ் ஊறுகாயான பழைய கிம்சியும் சேர்த்து ஒரே வாயாகத் தின்று, மேலே கலங்கலான அரிசி மது குடிப்பார்கள். திருக்கை இல்லாத கல்யாணத்தில் எத்தனை வகை பரிமாறினாலும், "அந்த வீட்டில் சாப்பாடே போடவில்லை" என்றுதான் ஊர் பேசும்.

தலைநகரில் அப்போது புளித்த உணவுக்குத் திடீர் மவுசு. இந்த வாடையோடு ரயிலில் ஏறியவரை முகம் சுளித்து இறக்கிவிட்டவர்களெல்லாம், குடலுக்கு நல்லதாம் என்று தேடித் தேடித் தின்றார்கள். மேலிடம் காலத்தோடு ஒத்துப்போகும் பொருட்டு, 'தேசியச் சுவைத் தலம்' என்ற பட்டத்தை ஏற்படுத்தி, ஊர் ஊராகச் சுவைத்துப் பார்க்க ஒரு குழுவையும் நியமித்தது. சங்வோல் மாவட்ட நிர்வாகம் தீர ஆலோசித்தது. பட்டம் கிடைத்தால் திருக்கைத் தெரு அப்படியே இருக்கும். கிடைக்காவிட்டால் கடைகளை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டப்படும்.

அந்தத் தெருவின் பெரிய கடை மல்சூனுடையது. மல்சூன், தொக்சூவின் மனைவிக்கு மூத்த அக்கா.

"மாப்ளே, கடை போச்சுன்னா உனக்கு வீட்ல சோறு கிடையாது. தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன்" என்றாள்.

"என் கையில என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்லேன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரையாவது திட்டணுமே."

மல்சூனின் ஜாடிகள் மேல் தொக்சூவுக்கு முழு நம்பிக்கை. மூடியைத் திறந்தாலே குழு அழுதுவிடும். சுகாதாரப் பிரிவு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். குழு வருவதற்கு முதல் நாள் காலையில் அந்தப் பிரிவின் அதிகாரி அம்மா வந்தார், ஜாடிகளை முகர்ந்தார், தும்மினார், பூட்டி முத்திரை வைத்தார்.

"மேடம், இது புளிக்க வச்ச மீன்" என்றார் தொக்சூ.

"தெரியும். எங்க அப்பாவுக்கு இது இல்லாம சோறு இறங்காது. ஆனா விதிப்படி வாடை அடிக்கிற மீன் கெட்டுப்போன மீன். கெட்டுப்போன மீனை மேலிடத்து ஆளுங்களுக்குப் போட முடியாது."

"வாடை அடிக்குதான்னு பாக்கத்தானே அவங்க வர்றாங்க?"

"அடிக்கட்டும். அனுமதிச்ச அளவுக்குள்ள அடிக்கட்டும். கெட்டுப்போகாத அளவுக்குக் கெட்டுப்போகட்டும். யார் வேண்டாம்னா?"

ஜாடிகளுக்குப் பதிலாக, அன்று பிடித்த திருக்கையை ஐஸ் பெட்டியில் அனுப்பி வைத்தார்கள். மல்சூன் ஒரு துண்டை அறுத்து வாயில் போட்டாள்.

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. இதத் தின்னு அழணும்னா வீட்ல எழவு விழுந்திருக்கணும்."

தொக்சூவின் பிரிவுத் தலைவர் மெங் கலங்கவில்லை. தலைநகரில் பயிற்சி பெற்றவர். உடனே ஊழியர்கள் அனைவரையும் அரங்கில் உட்கார வைத்தார்.

"குழு அழணும்னா முதல்ல நாம அழணும். அதுதான் விருந்தோம்பல். எங்கே, மெல்லுங்க. மூக்கை உறிஞ்சுங்க. இப்ப கண்ணீர்!"

ஒருவருக்கும் வரவில்லை. "சம்பள உயர்வு எப்பன்னு நெனச்சுப் பாருங்க" என்றார் மெங். இரண்டொருவர் கண் கலங்கினார்கள். ஒத்திகை திருப்திகரமாக அமைந்ததாக மேலே தெரிவிக்கப்பட்டது.

மறுநாள் குழு வந்தது. குழுத் தலைவர் நாட்டிலேயே நுட்பமான மூக்கு உடையவர் என்று தொலைக்காட்சியில் பலமுறை அவரே சொல்லியிருக்கிறார். துண்டை எடுத்தார். மென்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அரங்கம் மூச்சைப் பிடித்தது. அடுக்களை வாசலில் மல்சூன் ஏப்ரனைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த தொக்சூ அவசரமாக ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

மெங் மேசைக்குக் கீழே கையை நீட்டி அவர் தொடையை நிமிண்டினார். நன்றாகவே நிமிண்டினார்.

"ஆ!" என்று அலறிய தொக்சூவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

குழுத் தலைவர் திரும்பிப் பார்த்தார். ஒரு துணை அலுவலரின் மூக்குக்கு எட்டியது தன் மூக்குக்கு எட்டவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? கைக்குட்டையை எடுத்தார்.

"அடடா! மெதுவா ஏறுது. உச்சந்தலையைத் தொடுது. எத்தனை தலைமுறை இதுக்குள்ள இருக்கு!" என்று விம்மினார்.

பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? குழு உறுப்பினர்கள் பதவி வரிசைப்படி அழுதார்கள். மாவட்டத் தலைவர் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினார். படம் பிடிக்க வந்தவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். மீனை ஐஸில் வைக்கச் சொன்ன சுகாதார அம்மாவோ, "இவ்வளவு காரமா? அனுமதிச்ச அளவைத் தாண்டிடுச்சு! இன்னும் கொஞ்சம் ஐஸ் போடுங்க!" என்று அழுதுகொண்டே உத்தரவிட்டார்.

பட்டம் கிடைத்தது. தெரு பிழைத்தது. மல்சூன் தங்கச்சி வீட்டுக்குப் பன்றிக்கறி கொடுத்தனுப்பினாள்.

ஜாடிகளின் பூட்டைத் திறக்கச் சொல்லித் தொக்சூ விண்ணப்பித்தபோது, அலுவலகம் பிழையற்ற ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பட்டம் பெற்றது ஐஸ் மீன். எனவே சங்வோலின் பாரம்பரியச் சுவை ஐஸ் மீனின் சுவையே. ஜாடி மீன் அந்தப் பாரம்பரியத்திலிருந்து விலகியது. பாரம்பரியத்தைக் காக்கும் பொருட்டு அது தடை செய்யப்படுகிறது.

தலைநகரிலிருந்து கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்தது. வரிசையில் நின்று, ஐஸ் மீன் தின்று, கண்ணைத் துடைத்தபடி படம் எடுத்துக்கொண்டு போனது. மல்சூனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒளித்து வைத்திருந்த ஜாடியிலிருந்து ஒரு தட்டு எடுத்து வந்து, விவரமாகப் பேசிய ஒருவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரே கடியில் துப்பிவிட்டார்.

"என்னம்மா இது, கெட்டுப்போன மீனைப் போடுறீங்க? ஒரிஜினல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? போன வருஷமே இங்க வந்து அழுதுட்டுப் போயிருக்கேன்."

மல்சூன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "எங்க அக்கா நெஜமா அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். அதுக்கு யாரும் பட்டம் குடுக்கல" என்றார் தொக்சூ.

இதையெல்லாம் அவர் கடைசியாகச் சொன்னது போன இலையுதிர் காலத்தில், மல்சூன் கடையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. சொல்லி முடித்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மூக்கை உறிஞ்சினார். கண்ணோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ம்... என்ன ஏறு ஏறுது பாருங்க!" என்றார். ஏறத்தான் செய்தது, என் கண்ணும் நனைந்திருந்தது. இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"தொக்சூ சார், இப்ப நாம திங்கிறது ஜாடி மீனா, ஐஸ் மீனா?"